கண்ணைக் காக்க மருந்து மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ட்ரக்கோமா என்னும் தொற்றுநோய் சிறு பிள்ளைகளின் கண்ணில் தொடங்குகிறது. அது திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உட்புறம் தழும்பேறி, இமைமயிர் உள்நோக்கி வளைந்து கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலமான விழிவெண்படலத்தை உரச, பல ஆண்டுகளின் பின் பார்வை மீளாமல் போய்விடுகிறது. நோயாளியை மட்டும் குணப்படுத்தினால் அண்டை வீட்டிலிருந்து அது மீண்டும் தொற்றும் என்பதால், எத்தியோப்பியா போன்ற நாடுகளில், ஒன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐவருக்கேனும் நோயின் அறிகுறி காணப்படும் பகுதிகளில், ஊர் முழுவதற்கும், பக்டீரியாக்களை அழிக்கும் அன்டிபயாடிக்கான அசித்ரோமைசினைக் கொடுக்கிறார்கள். ஒரே வேளை மருந்துதான். பிள்ளைகளுக்கு உயரத்தை அளந்தே அளவு தீர்மானிக்கப்படுகிறது.

இந்நோய் இலங்கையின் மலையகத்தில் பரவியுள்ளது என நான் கூற வரவில்லை. கண் சிவந்தவுடன், வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த அன்டிபயாடிக்கின் மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கத்துக்கும் இத்திட்டம் சான்றாகாது. கண் சிவப்பதற்கு வைரசும் காரணமாக இருக்கலாம், அதற்கு அம்மருந்து பயன்படாது.

நாம் கவனிக்க வேண்டியது, உலக சுகாதார ஸ்தாபனம் மருந்தோடு முகம் கழுவுதலையும் தண்ணீர், மலசலகூட வசதிகளையும் சேர்த்தே வலியுறுத்துவதைத்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் ஒரே துவாயால் மூன்று பிள்ளைகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, தாய் கொழுந்து பறிக்க ஓடும் காலை வேளைகளை நான் அறிவேன். தாய்மார் வேலைக்குச் செல்லும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவங்கள் ஒவ்வொன்றிலும் குழாய்நீரும் சவர்க்காரமும் இருப்பதைத் தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் உடனடியாக உறுதிசெய்ய வேண்டும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியை,
ஹட்டன்.