அந்த நான்கு விநாடியை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சாமான் அறையிலுள்ள நிலநடுக்கமானியைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். மூன்று கடிதங்களுக்கும் ‘பார்க்கலாம்’ என்றே பதில் வந்ததால், இந்த நான்காவதை ஊரறிய எழுதும்படி ஆகிவிட்டது. பொறுத்தருளுங்கள்.

அந்த அறைச் சுவரோரம் ஓடி, தன் அதிர்வால் கருவியின் பதிவைக் குழப்பும் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைத் தயவுசெய்து சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், பழைய இடத்துக்கே மாற்றுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

சென்ற மாதம் ஓர் இரவு, பீஜி பக்கத்து நிலநடுக்கத்தின் முதல் அலை பூமியின் ஆழத்தில் பாய்ந்து சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் பினாங்கை எட்டியது. அதே நேரம் பார்த்து மோட்டாரும் ஓடியது. மறுநாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வரைபடத்தைக் கொண்டுவந்து, “ஐயா, இதில் எது பீஜி, எது மோட்டார்?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

சுமத்ரா அடிக்கடி ஆடுகிறதே, அதைப் பதிவு செய்தால் போதாதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். போதாது, ஐயா. சுமத்ரா மிக அருகில் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, காலடியிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக மேலே வரும் அலை. அது பூமியின் வெளி ஓடான மேலோட்டின் அடித்தளத்தைக் கடக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு பாறையைக் குறுக்காக அசைக்கும், வேகம் குறைந்த எஸ் அலையாக மாறிப் பின்தங்கி வரும். மேலோடு 35 கிலோமீட்டர் தடிமன் என்றால் அந்தத் தாமதம் ஏறக்குறைய 4 விநாடி. துளை போடாமலே மேலோட்டின் ஆழத்தை அளக்க உதவும் அந்த 4 விநாடியைத்தான் மோட்டார் விழுங்குகிறது.

மலாய் தீபகற்பத்தில் பினாங்கு இருக்கும் மேற்குப் பகுதி, கோண்டுவானா என்ற பழைய தென் பெருங்கண்டத்திலிருந்து சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வந்தது, பிறகு கிழக்குப் பகுதியோடு மோதி ஒட்டிக்கொண்டது, இடையிலிருந்த கடல் மூடிய தழும்பு பகாங் மாநிலத்துப் பெந்தோங், ரவூப் ஊர்கள் வழியே ஓடுகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கருவியைத் திறந்துவைத்த அன்று இதைச் சொல்லித்தானே தலைவர் கைதட்டல் வாங்கினார்! எங்கள் ஒற்றைக் கருவி அந்தக் கதை முழுவதையும் சொல்லிவிடாது. நல்ல கருவிகள் பல சேர்ந்தால், எஸ் அலை இரண்டாகப் பிரிவதை வைத்து, மேலோட்டுக்குக் கீழே ஆலிவைன் என்ற கனிமத்தின் படிகங்கள் எந்தத் திசையில் அணிவகுத்திருக்கின்றன, அங்குள்ள பாறை எப்படி நகர்ந்தது என்பதைக்கூட ஊகிக்கலாம். அந்தப் படிப்புக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவராவது போக வேண்டும் என்பது என் ஆசை.

திறப்பு விழாவுக்கு வாழைமரமும் தோரணமும் வந்தன, ஆளுக்கொரு பொன்னாடையும் வந்தது. படம் எடுத்து முடிந்ததும் அறையில் மடக்கு நாற்காலிகள் குடியேறின, சுவரோரம் மோட்டார் குடியேறியது. நம்மிடம் அறிவியலுக்கு மேடை உண்டு, தரை கிடையாது. போகட்டும், சண்டை போட எழுதவில்லை.

நாற்காலிகள் இருக்கட்டும், அவை சத்தம் போடுவதில்லை. மோட்டாரை மட்டும் அடுத்த பள்ளி விடுமுறைக்குள் மாற்றித் தாருங்கள். குழாய் வேலைச் செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்களிடம் கேட்பது அனுமதிக் கையெழுத்து ஒன்றுதான்.

பணிவுடன்,
அறிவியல் மன்றத்தின் ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பினாங்கு