எங்கள் சுகாதார நிலையச் செவிலியர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய செவிலியர் சகோதரிகளுக்கு,

சுகாதார நிலையத்தின் தேவைகளுக்கு நிதி ஒதுக்கும் நோயாளர் நலச் சங்கத்தின் சார்பில் வணக்கம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவிலும் பிரசவம் பார்க்க முடிகிறதென்றால், நீங்கள் மூவர் முறை மாற்றி முறை பணியில் இருப்பதே காரணம். அந்தப் பணிக்காக ஊரே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆயினும் இந்த மடலை எழுதத் தூண்டியது, சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து பேசிய பேச்சு.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும் என்பதும், ரத்தப்போக்கைத் தடுக்கும் அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வீரியம் குறைந்துவிடும் என்பதும் அதுவரை எங்களில் பலருக்குத் தெரியாது. முகப்பு வளைவுக்கு ஒதுக்கவிருந்த பணத்தில் மருந்துக் குளிர்பெட்டிக்கும் பிரசவ அறை விளக்குக்கும் இன்வெர்ட்டர் வாங்க வேண்டுமென்று, மின்தடை நேரங்களைக் குறித்து வைத்திருந்த நோட்டை மேசைமேல் விரித்து, மூத்த செவிலியர் வாதாடினார். வளைவை விரும்பியவர்களும் (செயலாளராகிய நானும் அவர்களில் ஒருவன்) மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டோம். பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற அரசின் ஏற்பாடு இங்கே தடையின்றி நடப்பதும், கட்டில்களுக்கிடையே திரை வேண்டுமென்று நீங்கள் கேட்டு வாங்கியதால்தான்.

வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, ரத்தசோகை உள்ளவர்களை முன்கூட்டியே மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியோரின் புண்களுக்குக் கட்டு மாற்றும் நோய்த்தணிப்புச் செவிலியருக்கும் எங்கள் நன்றி உரியது.

1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக, 2023-ல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. படிப்பையும் பதிவையும் தரத்தையும் முறைப்படுத்தும் இத்தகைய சட்டங்கள் வந்த பின்னும், மருந்துக் கொள்முதல் முதல் பணியிட ஒதுக்கீடு வரை முடிவெடுக்கும் மேசைகளில் செவிலியர் அமர்வது அரிதாகவே இருக்கிறது. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் துணிந்து பேசுவது எளிதன்று என்பதையும் அறிவோம்.

இனிச் சங்கக் கூட்டங்களில் செவிலியர் அறிக்கையே முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்படும் எனத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளோம். அடுத்த கூட்டத்துக்கான உங்கள் கோரிக்கைகளை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

நன்றியுடன்,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நோயாளர் நலச் சங்கம்