125 புளியங்கொட்டைகள்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கமுங்க.

பந்தயம் முடிந்த பிறகு நன்றி சொல்வதுதான் வழக்கம். நான் முந்திக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவா மிராமர் கடற்கரையில் என்ன நடந்தாலும், அப்புறம் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருக்கும். இந்தக் கடைசி ஆறு வாரங்களை யாரும் கேட்க மாட்டார்கள். போதாததற்கு இந்த வாரம் பயிற்சியும் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. கை கால் நமநமவென்று இருக்கிறது. எழுதினாலாவது அடங்கும்.

என்ன பந்தயம் என்று இன்னும் கேட்பவர்களுக்கு: கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறி 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மூன்றையும் மைலாக்கிக் கூட்டினால் 70.3, இந்தப் பந்தயத்தின் அயர்ன்மேன் என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண் அதுதான். கீழ்பவானி வாய்க்காலை இன்னும் மைல் கணக்கில் சொல்கிற நமக்கு இது புரியாமல் போகாது.

முதலில் பெரியப்பா. ஏழு வயதில் சுரைக்குடுக்கை கட்டி என்னைக் கிணற்றில் தள்ளியவர், எனக்கு நாற்பத்தொன்று ஆன பிறகு மறுபடியும் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தார். கிணறு 50 அடி அகலம். 1.9 கிலோமீட்டர் என்றால் குறுக்கே 125 தடவை. நீந்துகிறவளுக்கு நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை மனதில் நிற்காது. அவர் 125 புளியங்கொட்டைகளை ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டு, நான் சுவரைத் தொடும்போதெல்லாம் ஒன்றை எடுத்துப் பக்கத்து டம்ளரில் போடுவார். ஒருநாள் போன் வந்து பேச்சில் மறந்துவிட்டார். "எதுக்கும் ஒரு பத்து சேத்தி நீந்தீரு கண்ணு" என்றார். நீந்தினேன். ஆனால் கொட்டை எண்ணியதைவிட, த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்த பிறகும் நான் மேலே ஏறும்வரை மோட்டாரைப் போடாமல் இருந்தாரே, அதுதான் பெரிசு. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் விலை தெரியும்.

கிணற்றில் ஐம்பது அடிக்கு ஒருமுறை சுவரை உதைத்துக்கொள்ளலாம். கடலில் சுவர் ஏது? அதனால் ஆகஸ்டில் தண்ணீர் விட்டதும் வாய்க்காலுக்குப் போனோம். என் இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை தம்பி மகன் கையில், அவன் தோளில் காற்றடித்த லாரி டியூப். ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் பத்து நிமிடத்துக்கு இருந்த இடத்திலேயே இருப்பேன். ஆறேழு வீச்சுக்கு ஒருதரம் தலையைத் தூக்கிப் பாலத்தைக் குறி பார்க்கப் பழகியது அங்கேதான். இதைப் படித்துவிட்டு யாரும் தனியாக இறங்கிவிட வேண்டாம். வருஷா வருஷம் ஆள் போகிற தண்ணீர் அது. அமராவதி அணைக்கு வா என்று கூப்பிட்ட உடுமலைத் தோழிக்கும் நன்றி. ஆனால் அங்கே முதலை இருக்கிறது, தாயே.

சைக்கிள் சென்னிமலையிலிருந்து காங்கயம் வழியாகத் தாராபுரம். போக வர நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு பக்கமாகவே தள்ளும். காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குத் தோள்வலி. நான்கு வாரத்துக்கு முன் காங்கயம் தாண்டி ஒரு வளைவில் மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்கையும் தொடையும் உரிந்துவிட்டன. எதிரே தேங்காய்க் களத்தில் பருப்பு உலர்த்திக்கொண்டிருந்த நான்கு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் காயத்தைக் கழுவினார், ஒருவர் தேங்காயெண்ணெயோடு வந்தார் (வேண்டாம் என்று தடுப்பதற்குள் தடவியும் விட்டார்), ஒருவர் சைக்கிளைத் தூக்கி நிழலில் சாய்த்தார். நான்காமவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏங்கண்ணு, உன்னைய ஆரு இப்படி முடுக்கறாங்க?" என்று கேட்டார். இதுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போனபோது களம் பூட்டியிருந்தது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

விழுந்ததில் கியர் தொங்கும் துண்டு வளைந்து, சங்கிலி கம்பியில் உரசியது. எங்கள் ஊர்க் கடை அண்ணன் இப்படி ஒரு சைக்கிளை அதுவரை தொட்டதில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்து, அதே வரிசையில் திரும்பப் பூட்டினார். கூலி ஐம்பது ரூபாய் என்றார். அதற்குச் சண்டை போட்டேன்.

விடிகாலை நாலரைக்கு ஓடும்போது பால் சொசைட்டிக்குப் போகிற மாமா தன் டிவிஎஸ்ஸை எனக்குப் பின்னாலேயே உருட்டி வருவார். வெளிச்சத்துக்கும் ஆச்சு, நாய்களுக்கும் ஆச்சு. சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடிப் பழகிய நாட்களில், கால் இரண்டும் வேறு யாருடையதோ போலக் கனக்கும். அப்போது அவர் பேச்சே கொடுக்க மாட்டார். அதற்குத் தனி நன்றி.

தறிப்பட்டறையில் கூட இருக்கிற அக்கா, பந்தய எண்ணைக் குத்திக்கொள்ள எலாஸ்டிக்கில் ஒரு பெல்ட் தைத்துக் கொடுத்தார். கடையில் வாங்கியது இரண்டே நாளில் நெகிழ்ந்துபோனது, இது அசையவில்லை.

அத்தையோடுதான் பெரிய தகராறு. சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்றேன். பாக்கெட் ஜெல்லின் விலையைக் கேட்டுவிட்டு, அவலையும் நாட்டுச்சர்க்கரையையும் உப்புக் கல்லோடு இடித்து உருண்டை பிடித்தார். தராசில் வைத்து ஒரே எடையில் பிடித்தார். அதில் குறையே இல்லை. ஆனால் கடைசி மூன்று நாள் கொள்ளும் கம்பும் வேண்டாம், நார்ச்சத்து ஆகாது என்றதும் முகம் வாடிவிட்டது. ஒருமுறை கம்மங்கூழ் குடித்துவிட்டுப் போய் அறுபதாவது கிலோமீட்டரில் சோளக்காட்டைத் தேடிய கதையைச் சொன்ன பிறகுதான் சிரித்தார்.

பயிற்சித் திட்டம் போட்டுத் தரும் கோவைத் தம்பி, மூன்று வாரமாகத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்: நூறு, அறுபது, முப்பது. களைப்பு வடியும், சேர்த்த பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று விளக்கினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. திருட்டுத்தனமாக மலைக்கோயில் படி 1320-ஐயும் ஏறப் போனேன். பெரியப்பா அடிவாரத்திலேயே பிடித்துக்கொண்டார். "ரேக்ளாவுக்கு முந்துன வாரம் ஆராச்சு மாட்ட ஓட்டுவாங்களா?" என்றார். திரும்பி வந்து தூங்கினேன்.

வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் இங்கே எழுத வேண்டியதில்லை. கூடவே காரில் வருகிறார்கள், வழியில் சொல்லிக்கொள்கிறேன்.

கடலில் நான் இதுவரை நீந்தியதில்லை. பயம் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலையில் இறங்கிப் பார்த்துக்கொள்வேன். பெரியப்பா, அங்கே கொட்டை எண்ண வேண்டியதில்லை, மிதவை போட்டிருப்பார்கள். டம்ளரை அப்படியே வைத்திருங்கள்.

அத்தை, செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடுவோம். கொள்ளுப் பருப்பு கடைந்து வையுங்கள்.