கசிந்தால் இறுக்காதீர்கள்: பட்டர்ஃபிளை வால்வின் ஸ்டாப்பர் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழை இங்கே கைபேசியில் தினமும் படிக்கிறவன். சென்ற வாரம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தண்ணீர்ப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டி கழுவுவது, பம்ப்பின் சீல் பார்ப்பது எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு வரிதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பட்டர்ஃபிளை வால்வை மூடிய பிறகும் தண்ணீர் கசிந்தால் கைச்சக்கரத்தை இன்னும் பலமாக இறுக்க வேண்டும், அதற்கும் நிற்காவிட்டால் வால்வையே மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டும் தவறான யோசனை. முதலாவது நல்ல கியர்பாக்ஸை உடைக்கும்; இரண்டாவது நல்ல வால்வைக் குப்பைக்கு அனுப்பும். அந்த வரியை நம்பி யாராவது ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுக்கப் போகிறார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பெரிய கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பம்ப் அறை வேலைதான் என் பிழைப்பு. எனக்கு முந்தின தலைமுறை ஆட்களின் கை பழகியது கேட் வால்வில். யாங்கோனுக்கு லோகா ஏரித் தண்ணீர் வந்தது 1904-ல், ஜோபியூ நீர்த்தேக்கத் தண்ணீர் வந்தது 1940-ல். அந்தக் காலத்துக் குழாய் வேலை கற்றவர்களுக்கு வால்வு என்றால் பலகை ஒன்று கீழே இறங்கி அடைத்துக்கொள்ளும் கருவி. கசிந்தால் இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள், பலகை இன்னும் கொஞ்சம் அழுந்தும், தண்ணீர் நிற்கும். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, மேஸ்திரியிடமிருந்து கையாளுக்கு என்று அப்படியே இறங்கி வந்துவிட்டது. உங்கள் கட்டுரையாளரும் அதைத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பட்டர்ஃபிளை வால்வு வேறு மாதிரி. குழாயின் குறுக்கே ஒரு ஷாஃப்ட் (அச்சுத் தண்டு), அதில் ஒரு வட்டத் தட்டு. 90 டிகிரி திரும்பினால் திறப்பு, மறுபடி 90 டிகிரி திரும்பினால் அடைப்பு. நம் அடுக்குமாடிகளில் சாதாரணமாகப் போடுகிற ரப்பர் சீட் வகையில் (சீட் என்பது தட்டின் விளிம்பு அழுந்தி அடைக்கிற வளையம்) தட்டைத் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இருக்காது. நிலைச்சட்டம் இல்லாமல் இரண்டு பக்கமும் ஆடுகிற ஆஸ்பத்திரிக் கதவைப் போல, நடுவில் நின்றால்தான் அது மூடிய கதவு. ஒரு டிகிரி குறைந்தாலும் இடைவெளி, ஒரு டிகிரி கூடினாலும் இடைவெளி. அதாவது, நடுவைத் தாண்டி இறுக்க இறுக்க இந்த வால்வு திறக்கும்.

ஒரு டிகிரி என்றால் எவ்வளவு? 300 மில்லிமீட்டர் வால்வில் தட்டின் விளிம்பு 2.6 மில்லிமீட்டர் நகரும். 600 மில்லிமீட்டர் வால்வில் 5 மில்லிமீட்டருக்கும் மேல். ரப்பரின் அழுத்தத்துக்குள் இது ஓரளவு அடங்கும், மூன்று நான்கு டிகிரி போனால் அடங்காது. ஆகவே தட்டை அந்தச் சரியான கோணத்தில் கொண்டுவந்து நிறுத்த யாராவது வேண்டும். அதுதான் ஸ்டாப்பர்.

சின்ன வால்வுகளில், சாதாரணமாக 150 மில்லிமீட்டர் வரைக்கும், கைப்பிடிக்குக் கீழே பல் வெட்டிய தகடு ஒன்று இருக்கும். அதன் இரண்டு முனைப் பற்கள்தான் ஸ்டாப்பர். அதற்கு மேல் போனால் கியர்பாக்ஸ். சக்கரம், திருகு போலப் பல் வெட்டிய வார்ம் ஷாஃப்ட்டைச் சுற்றும்; வார்ம், விசிறி போன்ற கால்வட்டப் பல்சக்கரத்தைத் தள்ளும்; அந்தக் கால்வட்டம் வால்வின் ஷாஃப்ட்டைத் திருப்பும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இரண்டு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் அதை நகராமல் பிடிக்கும் ஒரு லாக் நட். கால்வட்டத்தின் ஒரு முனை ஒரு போல்ட்டில் முட்டினால் மூடிய நிலை, மறுமுனை மற்ற போல்ட்டில் முட்டினால் திறந்த நிலை. பெரும்பாலான கியர்பாக்ஸில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து டிகிரி வரை முன்பின் நகர்த்தி வைக்கலாம். விரல் நீளம்கூட இல்லாத இந்த இரண்டு போல்ட்டைத்தான் பெயின்ட் அடித்து மூடி மறந்துவிடுகிறார்கள்.

லைந்தாயா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். குளிர்நீர்க் குழாயில் 300 மில்லிமீட்டர் வால்வு மூடவில்லை, புதிதுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, மாட்டிக் கொடுங்கள் என்றார்கள். பழையதைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன், “மாமா, வீல் கடைசி வரைக்கும் வந்துருது, ஆனா தண்ணி நிக்கல. பைப் போட்டு ரெண்டு பேர் இழுத்தும் பாத்துட்டோம்” என்றான். ஃபிளாஞ்சின் (குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பின்) முகத்தில் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, அங்கிருந்து தட்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்கச் சொன்னேன். ஒரு பக்கம் தட்டு மேலே நின்றது, மறுபக்கம் உள்ளே போயிருந்தது. வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். தட்டு நேராக இல்லை, கிட்டத்தட்ட மூன்று டிகிரி குறைவாகவே நின்றுவிட்டது. ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் விசாரித்தபோது தெரிந்தது. பழைய கியர்பாக்ஸ் துருப்பிடித்துவிட்டதால், சும்மா கிடந்த இன்னொரு வால்விலிருந்து கியர்பாக்ஸைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டும் ஃபிளாஞ்சுக்கு ஐஎஸ்ஓ 5211 என்ற ஒரே அளவுமுறை இருப்பதால் அதே அளவுள்ள எந்த கம்பெனி கியர்பாக்ஸும் பொருந்திவிடும். போல்ட் துளை பொருந்தும், ஷாஃப்ட் பொருந்தும். ஸ்டாப்பர் மட்டும் பழைய வால்வுக்கு வைத்த இடத்திலேயே நிற்கும். கியர்பாக்ஸ் மாறினால் ஸ்டாப்பரைப் புதிதாக வைத்தே ஆக வேண்டும் என்பதை அங்கே யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பைப் போட்டு இழுத்ததன் விலையும் அங்கேயே தெரிந்தது. போல்ட் நுழைகிற இடத்தில், வார்ப்பிரும்பு உடம்பில், மயிரிழை போல ஒரு விரிசல். கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் ஆரம் 15 சென்டிமீட்டர், பைப் ஒரு மீட்டர். ஒரே ஆள் அதே பலத்தில் இழுத்தாலும் முறுக்கு ஆறேழு மடங்கு. கியர்பாக்ஸ் அதை மேலும் பல மடங்காக்கி, கால்வட்டத்தின் முனை வழியாக அந்த ஒற்றைப் போல்ட்டின் மேல் வைக்கிறது. அமெரிக்கக் குடிநீர்த் துறையினரின் ஏடபிள்யூடபிள்யூஏ சி504 தரநிலை, சக்கரத்தின் விளிம்பில் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ இழுவையை ஸ்டாப்பர் வரையுள்ள பாகங்கள் சேதமில்லாமல் தாங்க வேண்டும் என்கிறது. ஒரு மீட்டர் பைப்பும் இரண்டு ஆளும் அதில் அடங்கமாட்டார்கள். போல்ட் வளைந்தோ உடைந்தோ போனால் தட்டு நடுவைத் தாண்டி மறுபக்கம் திறக்கும். சக்கரம் கடைசி வரை மூடியிருக்கும், கியர்பாக்ஸ் மேலுள்ள அம்புக்குறி மூடியது என்றே காட்டும், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அம்புக்குறியை நம்பிக் கீழே ஒருவன் ஃபிளாஞ்சைப் பிரித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி நோய் புரிந்துவிடும். மறுபக்கக் குழாயைக் கழற்ற முடிந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்ட் மேலும் கீழுமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் இடது, வலது ஓரங்களில் வந்தால் கோணம் தவறு, ஸ்டாப்பரைப் பார்க்க வேண்டும். தட்டு திரும்பும்போது அதிகம் நகர்வது அந்த இரண்டு ஓரங்கள்தானே. ஷாஃப்ட் நுழைகிற மேல், கீழ் இடங்களில் மட்டும் வந்தால் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அங்கே கோணத்தை மாற்றி ஒரு பயனும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் பீய்ச்சினால் கல்லோ வெல்டிங் கட்டியோ கடித்திருக்கலாம். வால்வை மாற்று என்று சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

ஸ்டாப்பர் வைக்கும் முறை கஷ்டமானதல்ல. மூடும் பக்க லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைச் சில சுற்று வெளியே எடுக்க வேண்டும். பிறகு வால்வைக் கொஞ்சம் திறந்து, திறந்த பக்கத்திலிருந்து மெதுவாக மூடிக்கொண்டே வந்து, தட்டு நேராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். வால்வு தரையில் இருந்தால் நேர்ப்பட்டையும் ஸ்கேலும் போதும். குழாயில் இருந்தால், பல வகைகளில் ஷாஃப்ட்டின் முனையில் தட்டுக்கு இணையாக ஒரு கோடோ வெட்டோ இருக்கும். அம்புக்குறி மூடியைக் கழற்றினால் தெரியும். அம்புக்குறி கியர்பாக்ஸோடு சேர்ந்தது, கோடு தட்டோடு சேர்ந்தது. சந்தேகம் வந்தால் கோட்டைத்தான் நம்ப வேண்டும். அந்த இடத்தில் போல்ட்டை உள்ளே திருகி, கால்வட்டத்தில் தொட்டதும் நிறுத்தி, லாக் நட்டை இறுக்க வேண்டும். திறக்கும் பக்கமும் அப்படியே. அப்புறம் முழுசாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, லாக் நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், பின்னால் யாராவது நகர்த்தினால் தெரிந்துவிடும்.

இதை எல்லாம் செய்யும்போது ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. தண்ணீர் ஓடும் குழாயில் கியர்பாக்ஸையோ கைப்பிடியையோ வால்விலிருந்து கழற்றவே கூடாது. ஓடும் தண்ணீருக்குத் தட்டைத் தானாக மூடிவிடும் குணம் உண்டு. பிடித்து வைக்க ஆள் இல்லாவிட்டால் அது ஒரே அடியாகச் சாத்திக்கொள்ளும். இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் சுமார் 10 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்கு எகிறும். கைப்பிடி வால்வில் பல் தேய்ந்து போனாலும் இதே ஆபத்துதான். இங்கே யாங்கோனில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. கரண்ட் வரும்போதெல்லாம் ஓடிப் போய் பம்ப் போட்டு, வால்வு மாற்றி, ஜெனரேட்டருக்கும் தொட்டிக்கும் இடையே அலைகிற கையாள்கள் ஒரு நாளில் எத்தனையோ முறை அந்தக் கைப்பிடியைத் தொடுகிறார்கள். தேய்ந்த பல்தகட்டை அன்றைக்கே மாற்றச் சொல்லி நான் சண்டை போடுவது அவர்கள் விரலுக்காக.

திறக்கும் பக்க ஸ்டாப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இடம் மிச்சம் பிடிக்க வால்வை ஒட்டியே செக் வால்வை (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) மாட்டுகிற பம்ப் அறைகளில், திறந்த தட்டு வெளியே நீண்டு அதில் இடிக்கும். அதற்குப் பயந்து திறக்கும் ஸ்டாப்பரை உள்ளே திருகி, தட்டைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நட்டத்தைப் பம்ப் தினமும் கரண்டில் கட்டும். நடுவே ஒரு குட்டைக் குழாய்த் துண்டு வைப்பதுதான் சரி.

நான் சொன்னது எல்லா வால்வுக்கும் பொருந்தாது என்பதையும் எழுதிவிடுகிறேன். நீராவிக்கும் சூடான எண்ணெய்க்கும் போடுகிற மூன்று ஆஃப்செட் (ஷாஃப்ட்டும் சீட்டும் மையத்திலிருந்து மூன்று விதத்தில் விலகிய) இரும்பு சீட் வால்வு, முறுக்கு அழுத்தத்தில்தான் அடைக்கும். அங்கே தட்டு சீட்டில் உட்காரும் முன்பே ஸ்டாப்பர் முட்டினால் கசியும். ஆகவே அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும். மோட்டார் வைத்த ரப்பர் சீட் வால்வில் தட்டு சரியான இடத்துக்கு வந்ததும் கரண்டை வெட்டும் லிமிட் சுவிட்ச்தான் மோட்டாரை நிறுத்த வேண்டும், ஸ்டாப்பர் அதற்குச் சற்று அப்பால் காவலுக்கு நிற்க வேண்டும். சில வால்வுகளில் உடம்புக்குள்ளேயே ஒரு முட்டு வார்த்திருக்கும். அது இருக்கிறதே என்று கியர்பாக்ஸ் ஸ்டாப்பரை விட்டுவிடக் கூடாது. உள் முட்டு வாங்கும் விசை முழுவதும் ஷாஃப்ட் வழியாகவும், தட்டை அதோடு பிணைக்கும் ஆணி (pin) வழியாகவும்தான் போகும். அந்த ஆணி அறுந்தால் வால்வு போச்சு. கியர்பாக்ஸ் முதலில் முட்டினால் விசை வெளியிலேயே அடங்கிவிடும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள்; ஸ்டாப்பர் போல்ட் எங்கே இருக்கும் என்று ஒரு படமும் போட்டால், குடியிருப்புச் சங்கச் செயலாளர்கள் தங்கள் பம்ப் அறையில் போய்ப் பார்ப்பார்கள். இரண்டாவது, தமிழ்நாட்டு ஐடிஐ ஆசிரியர்கள் உங்கள் தாளைப் படிக்கிறார்கள். ஃபிட்டர், பிளம்பர் பிரிவு மாணவர்கள் கையில் ஒரு பழைய கியர்பாக்ஸைக் கொடுத்து, ஸ்டாப்பரை வேண்டுமென்றே தவறாக வைத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்படிப் படித்த பையன்கள் வேலை தேடி எந்த ஊருக்குப் போனாலும், இங்கே யாங்கோனுக்கே வந்தாலும், சக்கரம் நின்ற பிறகு பைப்பைத் தேடாமல் லாக் நட்டைத் தேடுவார்கள்.

இப்படிக்கு,
பம்ப் அறைப் பராமரிப்பு ஃபோர்மன்,
யாங்கோன், மியான்மர்