லாப்லாந்துக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது காலணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளைக் குறிவைத்துப் பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துக்குச் சுற்றுலா விளம்பரங்கள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகின்றன. வடக்கு ஒளி எனும் இரவு வானத்து வண்ண வெளிச்சம், கலைமான் வண்டி, கண்ணாடிக் கூரை வீடு என்று படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் முன்பணம் கட்டியவர் கையில் கிடைக்கும் குறிப்புத் தாளில் 'கனமான கம்பளி உடை எடுத்து வரவும்' என்ற ஒரு வரிக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. சென்னையிலிருந்து இப்படிக் கிளம்பும் குழுக்களில் பேரப்பிள்ளை எடுத்தவர்கள் பலர். அவர்களை அழைத்துச் செல்லும் பணியில் இருக்கிற நாங்கள், அந்த ஒரு வரி எவ்வளவு போதாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மார்கழி விடியலில் 20 டிகிரிக்கே குல்லா தேடுகிற ஊர் நம்முடையது. லாப்லாந்தின் தலைநகரான ரோவனியெமியில் ஜனவரியில் மைனஸ் 10 டிகிரி என்பது சாதாரண நாள். மைனஸ் 30 வரையும் இறங்கும். வீட்டு பிரிட்ஜில் ஐஸ் வைக்கும் பிரீசர் பெட்டி மைனஸ் 18. அந்தப் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பெட்டி கட்ட வேண்டும். காற்று வீசினால் கணக்கு இன்னும் மாறும். மைனஸ் 20இல் பனி ஸ்கூட்டரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூடாத முகத்தில் படும் குளிர் மைனஸ் 33க்குச் சமம்.

எல்லோரும் முதலில் ஜாக்கெட்டுக்குத்தான் அலைகிறார்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். லாப்லாந்தில் பனிச் சவாரி, கலைமான் சவாரி நடத்துகிற நிறுவனங்கள் பெரும்பாலும் உடல் முழுவதும் மூடும் தடித்த ஓவரால், பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு இரவல் தருகின்றன. உங்கள் கட்டணத்தில் இது அடங்குமா, எந்தெந்த நிகழ்ச்சிக்கு அடங்கும், வடக்கு ஒளி பார்க்கப் போகும் இரவுக்கும் உண்டா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடங்கும் என்றால் இருபதாயிரம் ரூபாய் ஜாக்கெட் தேவையில்லை. இடுப்புக்குக் கீழே இறங்குகிற, காற்றும் ஈரமும் புகாத, தொப்பி வைத்த சாதாரணக் குளிர் ஜாக்கெட் போதும். மிச்சமாகும் பணத்தைக் காலணியில் போடுங்கள்.

குளிர் கால் வழியாகத்தான் ஏறும். பனித்தரையில் அசையாமல் நிற்கும்போது அடிப்பாகம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வாக்கிங் ஷூ இங்கே உதவாது. தடித்த ரப்பர் அடிப்பாகமும், கழற்றி உலர வைக்கக்கூடிய உள்ளுறையும் கொண்ட பனி பூட்ஸ் வேண்டும். வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரியதாக, கால் சற்று உப்பியிருக்கும் மாலை வேளையில், கொண்டுபோகப் போகிற அதே சாக்ஸைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்ளே மெல்லியது ஒன்று, மேலே கம்பளி ஒன்று என இரண்டு சாக்ஸ். இரண்டையும் போட்ட பிறகு கால்விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். குளிருக்குப் பயந்து மூன்று, நான்கு சாக்ஸ் திணிப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. ஷூ இறுகும், இரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்துவைக்கிற காற்றுக்கும் இடம் இருக்காது. இரண்டு சாக்ஸ் போட்டவரைவிட நான்கு போட்டவருக்குத்தான் விரல் முதலில் மரத்துப்போகும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அந்த பூட்ஸோடு தினமும் அரை மணி நேரம் நடந்து பழகுங்கள். கொப்புளம் வருவதானால் இங்கேயே வந்துபோகட்டும்.

ஷூவுக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்கள் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் இருப்பது இரும்புத்தூள். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டால்தான் சூடாகும். இறுகிய ஷூவுக்குள் வைத்தால் காற்றில்லாமல் அடங்கிவிடும். வெறும் தோலில் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் காலில் வைக்கவே வேண்டாம். சுட்டுப் புண்ணானாலும் தெரியாது.

உடையில் அடுக்குதான் முக்கியம். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை, மேலும் கீழும் இரண்டு செட். அதன் மேல் பிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை அல்லது ஸ்வெட்டர். அதற்கும் மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், பேன்ட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நம் ஊர் வெயிலுக்கு அருமையானவை. அங்கே அவை வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் உடம்பு சில்லிட்டுவிடும். ஓட்டல் வரவேற்பறை 21, 22 டிகிரியில் இருக்கும். அங்கே எல்லா அடுக்கையும் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்தால் வியர்த்து, வெளியே இறங்கியதும் நடுங்குவார்கள். வெளி ஜாக்கெட்டையும் குல்லாவையும் கதவருகே போனபிறகு போடுவதே சரி.

கைக்கு மெல்லிய உள்ளுறை ஒன்று, அதன் மேல் நான்கு விரலும் சேர்ந்திருக்கும் பை மாதிரியான உறை. விரல் விரலாகப் பிரிந்த உறையைவிட இதுதான் சூடு தரும். போன் எடுக்க வெளி உறையை மட்டும் கழற்றினால் போதும். கழுத்துக்கு மப்ளரைவிட மூக்கு வரை இழுத்துவிடக்கூடிய குழாய்த் துணி நல்லது. மூச்சின் ஈரம் அதில் உறைந்துவிடும் என்பதால் இரண்டு வேண்டும். ஊட்டிக்கு வாங்கிய மங்கி கேப் இருந்தால் கொண்டுபோங்கள். அதற்குள் காற்று நுழையும், ஆகவே மேலே ஜாக்கெட் தொப்பியை இழுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மூக்குத்தி, ஜிமிக்கி, வளையல், மெட்டி எல்லாம் உலோகம். உலோகம் தோலின் சூட்டை வேகமாக இழுக்கும். மெட்டி இறுக்கமாக இருந்தால் விரலின் இரத்த ஓட்டமும் குறையும். பழைய மெட்டியையும் மூக்குத்தியையும் சென்னையிலேயே, நிதானமாக, சோப்பு நீர் போட்டுக் கழற்றிப் பாருங்கள். அங்கே போய் வீங்கிய விரலில் கழற்ற முடியாது. தாலிச் சங்கிலியைத் தெர்மலுக்கு மேலாக, ஸ்வெட்டருக்கு உள்ளே விட்டுக்கொள்ளலாம். புடவையோடு ஓவரால் போட முடியாது. ஆயுள் முழுக்கப் புடவையே கட்டிய அம்மாக்களுக்குப் பேன்ட் பழக ஒரு மாதமாவது கொடுங்கள். மூன்று அடுக்கையும் ஓவராலையும் கழற்றிக் கழிப்பறை போய்வரப் பத்து நிமிடம் ஆகும். அதனால் கிளம்பும் முன் போய்விடுவதே நல்லது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது மட்டும் வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது, உலர்ந்த காற்றில் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். பின்லாந்துக் கழிப்பறைகளில் பெரும்பாலும் கைக்குழாய் இருக்கும் என்பது பலருக்கு நிம்மதி தரும் செய்தி. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், பாட்டிலிலிருந்து இறங்காது. முகத்துக்கும் உதட்டுக்கும் வாஸலின் போன்ற களிம்பு கொண்டுபோங்கள்.

விழுவதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பனி மெத்தென்று இருக்கும்போது பயமில்லை. ஒரு நாள் உருகி மறுநாள் உறைந்தால் தெரு கண்ணாடியாகிவிடும். ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ளும் ஆணிப்பட்டை ஒரு ஜோடி, ஆளுக்கு ஒன்று, கட்டாயம். கடைக்குள்ளும் ஓட்டலிலும் கழற்றிவிட வேண்டும், மொசைக் தரையில் அதுவே வழுக்கும். சிறு சிறு அடியாக, முழுப் பாதமும் பதிய, முழங்காலைச் சற்று மடக்கி நடக்க வேண்டும். ஜாக்கெட் பையில் கையை விட்டுக்கொண்டு நடப்பவர் விழுந்தால் கை ஊன்றக்கூட நேரம் இருக்காது. ரோவனியெமியில் டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தலை காட்டுவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். இருட்டில் நடப்பவர் ஒளி பிரதிபலிக்கும் பட்டை அணிய வேண்டும் என்பது பின்லாந்தின் போக்குவரத்துச் சட்டம். கைப்பையிலோ சட்டையிலோ தொங்கவிடும் சிறு வில்லை போதும்.

பள்ளித் தேர்வுக் கவலை இல்லாத வீட்டார் டிசம்பரை விட்டு மார்ச்சில் போவதே எங்கள் பரிந்துரை. பனி நிறைய இருக்கும், பகல் நீளும், குளிரும் சற்றுத் தணியும், இரவில் வடக்கு ஒளிக்கும் வாய்ப்பு உண்டு. அந்த ஒளியை எந்த நிறுவனமும் உறுதி தர முடியாது. சூரியச் செயல்பாடு எவ்வளவு இருந்தாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஒரே இரவை மட்டும் அதற்கு ஒதுக்கிய திட்டத்தைவிட, வடக்கே மூன்று நான்கு இரவு தங்குகிற திட்டத்துக்குக் கூடுதல் பணம் தரலாம். படம் எடுக்கப் போனில் நைட் மோடும் சின்ன முக்காலியும் வேண்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, சூடு சமமாகும்வரை திறக்காமல் இருந்தால் உள்ளே நீர் பனிக்காது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் அனுமதி, 100 வாட் மணிக்குள். பவர் பேங்க் மேல் எழுதியிருக்கும் எம்.ஏ.ஹெச். (mAh) கணக்கில் இது சுமார் 27,000.

மருந்து விஷயத்தில் மெத்தனம் கூடாது. இரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா உள்ளவர்கள் முன்பணம் கட்டும் முன்பே மருத்துவரிடம் 'மைனஸ் 20இல் வெளியே நிற்கப் போகிறேன்' என்று சொல்லியே கேளுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். உலர்ந்த குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், வெளியே போகும்போது உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. குளுக்கோமீட்டரும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது, அறைக்குள் வந்து பாருங்கள். விரல் நுனி, மூக்கு, காது மடல் வெளுத்து மெழுகு போலாகி மரத்துவிட்டால் உறைபுண் தொடங்குகிறது. தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. உள்ளே போய் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்காமல், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பனி ஸ்கூட்டர் போன்ற சாகசத்துக்கும் காப்பீடு உண்டா என்று விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

சாப்பாட்டுப் பையில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இறைச்சியையும் பால் பொருட்களையும் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. நெய், பால்கோவா, பால்பவுடர், பன்னீர் எதுவும் ஆகாது. கறிவேப்பிலைக் கொத்து, எலுமிச்சை போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்குத்தான் விலக்கு. பருப்புப் பொடி, நல்லெண்ணெயில் செய்த புளிக்காய்ச்சல், அவல், தட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயைச் சரக்குப் பெட்டியில் இரட்டைக் கவரில் வையுங்கள். எல்லா ஓட்டல் அறையிலும் கெட்டில் இருக்காது, சிறியதாக ஒன்று வைத்திருப்பது உத்தமம். நம் ஊர் இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் அங்கே பொருந்தும். மூன்று முள் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். அறையில் மட்டும் தாளிக்காதீர்கள். புகை அலாரம் அடித்து ஓட்டலே வெளியே வந்து பனியில் நிற்கும்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்குப் பதினைந்து நாளுக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது கடைசிக் கெடு, அதை நம்பி உட்காரக் கூடாது. பின்லாந்து, சுவீடன், நார்வே என்று பல நார்டிக் நாடுகளைச் சுற்றுவதானால் அதிக இரவு தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமென்றால் முதலில் இறங்கும் நாடு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும், டிக்கெட்டில் இன்னொரு வரிசை இருக்கும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் எல்லையில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு நேரம் பிடிக்கலாம் என்பதால், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இருக்கும்படி நிறுவனத்திடம் கேளுங்கள்.

பஸ் நேரம் தவறுவதைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம். அங்கே ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு வழக்கமாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இது சட்டம். ஒருவர் அரை மணி தாமதித்தால் அன்றைய கடைசி இடத்தை முழுக் குழுவும் இழக்க நேரிடும்.

சென்னையில் சுற்றுலா நிறுவனம் நடத்துவோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். முன்பண ரசீதோடு உடை, காலணி, மருந்து, உணவு பற்றித் தமிழில் நான்கு பக்கம் அச்சிட்டுக் கொடுங்கள். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு, பயணிகள் எல்லோரையும் வாங்கிய பூட்ஸோடும் சாக்ஸோடும் ஒரு நாள் வரவழைத்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அளவு பொருந்தாததை மாற்ற அப்போது நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
குழுச் சுற்றுலா வழிகாட்டிகள் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33