1982 சட்டத்தை வெற்றிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்

ராணுவ ஆட்சியை எதிர்த்து உருவான மியன்மாரின் தேசிய ஒற்றுமை அரசாங்கத்தில் பொறுப்பு வகிப்பவர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து கூட்டாட்சிச் சாசனம் பற்றிப் பேசிவரும் இனக்குழு அமைப்புகளின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பறித்த பிறகு நீங்கள் பட்டது கொஞ்சமல்ல. சிறை, தூக்கு, விமானக் குண்டுவீச்சு, குடும்பத்தோடு காட்டுக்குள் ஓட்டம். அத்தனைக்கும் நடுவில் ராணுவத்தின் பிடி இல்லாத ஒரு நாட்டுக்குச் சட்டம் எழுத முனைகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் உள்ள மதிப்போடுதான் எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். யார் குடிமகன் என்பதை இனத்தை வைத்து முடிவு செய்யும் 1982 குடியுரிமைச் சட்டத்தை ஆட்சிக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். நீங்கள் எழுதும் சாசனத்திலேயே அதற்கு முடிவு கட்டுங்கள்.

வாக்குறுதி ஏற்கெனவே உங்களுடையதுதான். 2021 ஜூன் 3 அன்று ராக்கைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களின் பெயரைச் சொல்லியே ஓர் அறிக்கை வெளியிட்டீர்கள். புதிய சட்டத்தில் மியன்மாரில் பிறந்தவர்களுக்கும், எங்கே பிறந்தாலும் மியன்மார் குடிமக்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை உண்டு என்றீர்கள். பத்து நாள் கழித்து, ஜூன் 13 அன்று, உங்கள் நாட்டு இளைஞர்கள் பலர் கறுப்பு உடுத்திப் படம் எடுத்து ரோஹிங்கியாக்களுக்கு ஆதரவாகப் பதிவிட்டார்கள். 2023-இல் ரோஹிங்கியாவான ஆங் கியாவ் மோ உங்கள் மனித உரிமைத் துறையின் துணை அமைச்சரானார். இதெல்லாம் சாதாரணமாக நடந்துவிடவில்லை. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் உங்கள் நாட்டில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. 'முதலில் ஜனநாயகம் வரட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்' என்ற வழியில் உங்கள் நாடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டது. 2012-இல் ராக்கைன் மாநிலத்தில் கலவரம் வெடித்து, சுமார் 1,40,000 பேர், பெரும்பாலும் ரோஹிங்கியாக்கள், வீடு இழந்தபோது, அவசரப்பட வேண்டாம் என்பதுதான் பலருடைய பதிலாக இருந்தது. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை ரோஹிங்கியா என்று சொன்னவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2015 தொடக்கத்தில், வெள்ளை அட்டை எனப்படும், பெரும்பாலும் ரோஹிங்கியாக்களிடம் இருந்த தற்காலிக அடையாள அட்டைக்காரர்களுக்கு ஓட்டு கூடாது என்று பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 31-ஓடு அந்த அட்டை செல்லாது என்று அரசு அறிவித்துவிட்டது.

அந்த ஆண்டுத் தேர்தலில் ஷ்வே மாங் என்ற ரோஹிங்கியாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2010-இல் வடக்கு ராக்கைனின் புத்திடாங் தொகுதியில், அதுவும் ராணுவத்தின் கட்சியில் நின்று ஜெயித்தவர். ஐந்து வருஷம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். அவர் பிறந்தபோது பெற்றோர் குடிமக்களாக இல்லை என்று சொல்லி 2015-இல் அவருடைய வேட்புமனுவைத் தள்ளினார்கள். அவருடைய அப்பா மியன்மார் போலீஸில் வேலை பார்த்தவர். ராணுவ ஆட்சியில் கிடைத்த இடம் மக்களாட்சி வரும் நேரத்தில் பறிபோனது. அந்தத் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சியான தேசிய ஜனநாயக லீக் நிறுத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்களில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. அது ராணுவம் எடுத்த முடிவல்ல, ஜனநாயகத் தரப்பு எடுத்த முடிவு. அதே லீக்கின் சட்ட ஆலோசகர் கோ நி, 2017 ஜனவரி 29 அன்று யாங்கோன் (ரங்கூன்) விமான நிலைய வாசலில், கையில் பேரப்பிள்ளையோடு நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முஸ்லிம். ராணுவம் எழுதிவைத்த 2008 சாசனத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று வாதாடியவர்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 25-க்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். எரிந்த கிராமங்கள், வங்கதேச எல்லையில் ஓடும் நாஃப் ஆறு, அதைத் தாண்டினால் காக்ஸ் பஜார் அகதி முகாம்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். சுட்டது ராணுவம். ஆனால் சுடப்பட்டவர்கள் அந்நியர்கள் என்று நாட்டை நம்பவைத்ததில் 1982 சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கச்சின், கயா, கரேன், சின், பர்மியர், மொன், ராக்கைன், ஷான் என்று எட்டுப் பெயரைச் சொல்லி, 1823-க்கு முன்பு இம்மண்ணில் குடியிருந்த இனங்களே மண்ணின் இனங்கள் என்கிறது அந்தச் சட்டம். எந்த இனம் அதில் சேரும், எது சேராது என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் அரசின் கையில் கொடுத்தது. பிறகு வந்த 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா கிடையாது. 1948 சட்டம் அப்படி இல்லை. முன்னோர்கள் இரண்டு தலைமுறையாவது நிலையாக வாழ்ந்து, பெற்றோரும் தானும் அங்கேயே பிறந்திருந்தால் போதும் என்றது. சுதந்திரம் வாங்கிய தலைமுறை எழுதிய சட்டம் அது.

எங்கள் குடும்பம் 1960-களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். தளபதி நே வினின் ராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கி, 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாததாக்கியபோது லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் போட்டதைப் போட்டபடி கிளம்பினார்கள். போகாமல் தங்கிய தமிழர்கள் இன்றைக்கும் யாங்கோன், பகோ, மோல்மேன் பக்கம் இருக்கிறார்கள். மூன்று நான்கு தலைமுறையாகப் பர்மிய மொழி பேசி வாழ்ந்தும், அடையாள அட்டைக்குப் போனால் அவர்களிடம் முதலில் கேட்பது இனம் என்ன என்பதுதான். ஆகவே இந்தச் சட்டம் ரோஹிங்கியாக்களை மட்டும் தொடும் விஷயம் அல்ல. அவர்களை அடியோடு வெளியே தள்ளியது. தமிழர், சீனர், கூர்க்காக்கள் என்று பலரை வாசற்படியில் நிறுத்திவைத்திருக்கிறது.

வடக்கு ராக்கைனில் வருஷா வருஷம் நடந்த குடும்பப் பட்டியல் சோதனை பற்றித் தெரியாதவர் உங்களில் இருக்க முடியாது. அதிகாரிகள் ஊருக்குள் வருவார்கள். வீட்டில் உள்ள எல்லோரும் விவரம் எழுதிய பலகையோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வீட்டில் இல்லாதவரின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். மருத்துவத்துக்கோ வேலைக்கோ வெளியே போனவர் திரும்பி வந்து பார்த்தால் சொந்த வீட்டில் இருப்பதே குற்றம். கல்யாணத்துக்கு அனுமதி, பக்கத்து வட்டத்துக்குப் போக அனுமதி. அனுமதியில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை பட்டியலில் ஏறாது. ராணுவம் ஒரு நாள் இல்லாமல் போகலாம். ஆனால் இந்தப் பட்டியலும், அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் பழக்கமும் அடுத்து வருபவர்களிடம் அப்படியே போய்ச்சேரும்.

இப்போது கூட்டாட்சி என்கிறீர்கள். நல்லது. ஆனால் ஓர் இனத்துக்கு ஒரு மாநிலம் என்பதே அதன் அடித்தளம் என்றால், மாநிலம் இல்லாதவர் எங்கே போவார்? ராக்கைனின் 17 வட்டங்களில் 14, ராக்கைன் இனத்தவரின் ஆயுத அமைப்பான அரக்கான் படையின் கையில் இருக்கிறது. ராக்கைன் மக்கள் பழைய தலைநகர் ரங்கூனிடமும் இப்போதைய தலைநகர் நேப்பிடாவிடமும் பட்ட அவமதிப்புக்குக் கணக்கே இல்லை. தங்கள் மண்ணைத் தாங்களே ஆளவேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம். சரி, அந்த மண்ணில் ரோஹிங்கியாவின் வீட்டுக்கு என்ன பதில்? 2024-இல், குடிமக்கள் இல்லை என்று அதுவரை சொல்லிவந்த ரோஹிங்கியா இளைஞர்களையே ராணுவம் கட்டாயப்படுத்தித் தன் படையில் சேர்த்து ராக்கைன்களுக்கு எதிராக நிறுத்தியது. மே மாதம் புத்திடாங் எரிந்தது. ஆகஸ்ட் 5 அன்று மாங்டோவில் நாஃப் கரையில் படகுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் மேல் டிரோன்கள் குண்டு போட்டன. அரக்கான் படைதான் செய்தது என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள், அந்தப் படை மறுக்கிறது. நீங்கள் அந்தப் படையோடு பேசும் நிலையில் இருப்பவர்கள். சுதந்திரமான விசாரணைக்கு ஒத்துழைக்கச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டால் கூட்டணி உடையும் என்று தயங்க வேண்டாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்காக உடையும் கூட்டணி சாசனத்தைத் தாங்காது.

புதிய குடியுரிமைச் சட்டத்தின் வரைவை, இடைக்காலச் சாசனம் முடிவாகும் முன்பே பர்மிய மொழியிலும் இனக்குழு மொழிகளிலும் வெளியிடுங்கள். 135 பட்டியலுக்கும் ஓட்டுரிமைக்கும் இனி தொடர்பில்லை என்று அதில் எழுதுங்கள். ரோஹிங்கியாப் பிரதிநிதிகளை அழைத்துக் கருத்துக் கேட்டு அனுப்பிவிடாமல், எழுதும் மேசையிலேயே உட்கார வையுங்கள். காக்ஸ் பஜார் முகாம்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஊர் திரும்புபவர்களுக்கு அடையாள அட்டை முதலில், மற்ற விசாரணை பிறகு என்று விதி செய்யுங்கள். பழைய குடும்பப் பட்டியல்களையும் பறித்த அட்டைகளையும் சான்றாக ஏற்பீர்கள் என்பதையும் அந்த வரைவிலேயே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை