லேபிள் 'வளர்த்த' பிள்ளைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எலக்ட்ரானிக் இசைக்குழுக்கள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில், 'லேபிள் வளர்த்த பிள்ளைகள் பிறகு நன்றி மறந்தார்கள்' என்று ஒரு வரி. லேபிள் என்றால் பாட்டுகளைப் பதிவு செய்து விற்கிற கம்பெனி, பிள்ளைகள் என்றால் குழுக்கள். அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை, மறுநாள்தான் மீதியை முடித்தேன்.

அதுவும் நியூ ஆர்டர் குழுவின் படத்துக்குப் பக்கத்திலா இப்படி எழுதுவது? அவர்களுடைய லேபிளான ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் அவர்களை வளர்த்ததா, அவர்கள் ஃபேக்டரியை வளர்த்தார்களா? 1982இல் ஃபேக்டரியும் குழுவும் சேர்ந்து திறந்த ஹசியெண்டா நடன கிளப்பில் அந்தக் குழுவின் பணம் கரைந்த கதை உங்களுக்குத் தெரியாததா? 1992இல் லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற இன்னொரு கம்பெனி ஃபேக்டரியை வாங்க வந்தபோது, பாட்டுகளின் உரிமை குழுவிடமே இருப்பது தெரிந்து பேரம் படுத்துவிட்டது. கம்பெனியில் விலைபோகிற சரக்கே அவர்கள் பாட்டுதான், சார்.

டெப்பெஷ் மோட் குழு மியூட் லேபிளுக்குப் போனது வெறும் கைகுலுக்கலில், லாபத்தில் பாதிப் பாதி என்ற வாய்ப்பேச்சில். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் மியூட்டை நடத்திய டேனியல் மில்லரை விட்டு அவர்கள் போகவில்லை. கணக்கு நேராக இருந்தால் நன்றி தானாக வரும்.

நானும் ஒரு குழுவில் சின்த், அதாவது சின்தசைசர், வாசித்தவன். எங்கள் லேபிளின் பெயர் வேண்டாம். முதல் ராயல்டி கணக்கு வந்தபோது அட்வான்ஸ் கழித்தார்கள், சரி. வீடியோ செலவைக் கழித்தார்கள், அதுவும் சரி. அப்புறம் 'பேக்கேஜிங்' என்று ஒரு கழிவு. எங்கள் ஆல்பம் டவுன்லோடாக மட்டும்தான் வெளிவந்தது. உறை இல்லை, பெட்டி இல்லை, எதைச் சுற்றினார்கள் என்று கேட்டால் 'ஒப்பந்தத்தில் இருக்கிறது' என்றார்கள். இருந்தது, உண்மைதான். மாஸ்டர், அதாவது ஆல்பத்தின் மூலப் பதிவு, இன்றும் அவர்களிடமே கிடக்கிறது, விற்பதுமில்லை, திருப்பித் தருவதுமில்லை.

ஃபோர் டெட் என்ற பெயரில் இசையமைக்கும் கியரன் ஹெப்டன் இந்தக் கணக்கைத்தான் தன் லேபிளான டோமினோவிடம் கேட்டார். ஸ்ட்ரீமிங்கை ரெக்கார்டு விற்பனையாகப் பார்த்து அவர் பங்கு 18 சதவீதம் என்றார்கள், அது விற்பனை இல்லை, பாட்டைப் பயன்படுத்த விடும் லைசென்ஸ்தான், 50 கொடு என்றார் அவர். வழக்கு நடக்கும்போதே, 2021இல், அவருடைய மூன்று ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்கிலிருந்து தூக்கினார்கள். மறுவருஷம் சமரசத்தில் 50 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அவர் தனி ஆள், குழு இல்லையே என்பீர்கள். வெட்டுகிற கத்தி ஒன்றுதானே!

உங்கள் பத்திரிகையில் இது புதுசும் இல்லை. லேபிள் முதலாளி பேட்டிக்கு முழுப் பக்கம், குழுவின் படத்துக்குத் தபால்தலை அளவு. ஒரு விமர்சனத்தில் எங்களைப் போன்றவர்களை 'பட்டன் தட்டுகிறவர்கள்' என்று எழுதினீர்கள். அதற்கு நான் அனுப்பிய கடிதம் வரவேயில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும், புரிகிறது.

அந்த வரிக்கு மறுப்புப் போடுங்கள் என்று கேட்கப்போவதில்லை, போடமாட்டீர்கள். நியூ ஆர்டர் படத்துக்குக் கீழே அவர்கள் பாட்டை 'புளூ மண்டே, 1982' என்று போட்டிருக்கிறீர்கள். ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி வெட்டிய உறையோடு அது வந்தது 1983இல். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டன் தட்டுகிறவன்